கடலுக்குள் ஓடும் ஆறு

முகத்துவாரத்திலும் கரைக்கடலிலும் தண்ணீர் அடுக்கடுக்காக, வெவ்வேறு திசையில் நகர்கிறது. அந்த அடுக்குகளைப் படிக்காமல் நம் கடலோரத்தைக் காப்பாற்ற முடியாது.

ஐந்து நாளைக்கு ஒரு முறை ஒரு மீனவர் முழங்கால் அளவு கடலில் இறங்குகிறார். கையிலிருக்கும் பாட்டிலில் கடல்நீரை நிரப்பி, மூடி, கரையேறுகிறார். இந்தியக் கடலோரத்தில் எட்டு இடங்களில் இப்படி மீனவர்கள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 2005 மே மாதத்தில் தொடங்கிய திட்டம் இது. ஆய்வுக் கப்பலோ விலை உயர்ந்த கருவியோ இதற்குத் தேவைப்படவில்லை. நாள் தவறாமல் கடலுக்குப் போகிற மனிதர்கள் இருந்தார்கள், அதுவே போதுமானதாக இருந்தது.

கரையோரத்தில் அள்ளிய தண்ணீர் நடுக்கடலைப் பற்றி என்ன சொல்லிவிடும் என்ற சந்தேகம் எழுவது இயல்பு. ஆழ்கடலில் எடுத்த மாதிரிகளோடு ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்திவந்தன. பல ஆண்டுத் தரவுகளை அடுக்கிப் பார்த்து, 2014-ல் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வழக்கமான கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். தென்மேற்குப் பருவமழை முடியும் தறுவாயில் வங்கக்கடலின் வடகோடியில் அந்த அளவு 10 கிராமுக்கும் மேல் குறைந்துவிடுகிறது. உப்புக் குறைந்த அந்தத் தண்ணீர் இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டியே, ஏறக்குறைய 100 கி.மீ. அகலப் பட்டையாகத் தெற்கே இறங்கி, இரண்டரை மாதத்தில் தென்முனையைத் தொடுகிறது. கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் இதைக் ‘கடலுக்குள் ஓர் ஆறு’ என்று குறிப்பிட்டார்கள்.

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா மூன்றும் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 கன கிலோமீட்டருக்கும் மேல் நன்னீரை வங்கக்கடலில் கொட்டுகின்றன. அதில் ஒரு பங்கு உடனே கடலில் கரைந்து காணாமல் போவதில்லை. நாளுக்கு இருபது, இருபத்தைந்து கி.மீ. வேகத்தில் ஒடிசாவையும் ஆந்திரத்தையும் தாண்டி, ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையைக் கடந்து போகிறது. சென்னையில் மழைக்குக் குடை பிடித்து மெரினாவில் நிற்பவரின் கண்ணெதிரே, இமயத்தில் பெய்த மழையும் போய்க்கொண்டிருக்கிறது.

சென்னைக் கரையின் மீனவர்களுக்கு அந்த ஓட்டம் புதிதல்ல. வடக்கிலிருந்து தெற்கே போகும் நீரோட்டத்தை அவர்கள் ‘வன்னி’ என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஏறினால் அது ‘தெண்டி’. வாடைக்காலத்தில் வன்னி ஓடும், மாசிக்குப் பிறகு தெண்டி பிடிக்கும். கடலியல் நூல்கள் ‘கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம்’ என்று எழுதுவதும், அது ஆண்டுக்குள் திசை மாறுகிறது என்று வரைபடம் போடுவதும் இதைத்தான்.

கடலோரத்தில் எதைக் கட்டினாலும், எதைக் கடலில் விட்டாலும், முதலில் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மேலே இருக்கும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, கீழே இருக்கும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது? இந்தக் கேள்வியைக் கேட்டவர்களின் கதையும், கேட்காமல் விட்டதால் நாம் கொடுத்துவரும் விலையும்தான் இந்தக் கட்டுரை.

உப்பின் எடை

ஆயிரம் லிட்டர் ஆற்றுநீர் ஏறத்தாழ ஆயிரம் கிலோ எடை. அதே ஆயிரம் லிட்டர் கடல்நீர் சுமார் 1,025 கிலோ. இந்த இருபத்தைந்து கிலோ வித்தியாசம்தான் முகத்துவாரங்களை ஆட்டிப்படைக்கிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதியளவு தண்ணீர் விட்டு, கல் உப்பை நன்றாகக் கரைத்து, நிறம் தெரிவதற்காகக் கொஞ்சம் நீல மை சேர்க்கவும். அதன்மேல் ஒரு கரண்டியைச் சாய்த்துப் பிடித்து, நல்ல தண்ணீரை மெல்ல வழியவிடவும். நீலம் அடியிலேயே நிற்கும், தெளிந்த தண்ணீர் மேலே நிற்கும், நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரியும். கலக்காமல் விட்டால் அந்த எல்லை வெகுநேரம் நிலைக்கும்.

இதே உண்மையை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து காட்டியவர் லூயிஜி பெர்டினாண்டோ மார்சிலி. பொலோனியா நகரத்து இளைஞர். 1679-ல், இருபதுகளின் தொடக்கத்தில், கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல் அது. அங்கே பாஸ்பரஸ் நீரிணையில் தண்ணீர் கருங்கடலிலிருந்து மர்மராக் கடலை நோக்கி விரைந்து ஓடுவதை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அடியில் ஓட்டம் எதிர்த்திசையில் போகிறது என்று அவ்வூர் மீனவர்கள் சொன்னார்கள். மார்சிலி அதைக் கட்டுக்கதை என்று தள்ளவில்லை. வெள்ளை வர்ணம் அடித்த தக்கைத் துண்டுகளை ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டி நீருக்குள் இறக்கினார். மேலே இருந்த தக்கைகள் ஒரு பக்கம் சாய்ந்தன. ஆழத்தில் இருந்தவை எதிர்ப்பக்கம் வளைந்தன.

காரணம் வேண்டுமே. இரண்டு நீரையும் எடை பார்த்தார், அடிநீர் கனமாக இருந்தது. பிறகு ஒரு பெட்டியை நடுவில் தடுத்து, தடுப்பின் மேலும் கீழும் ஒவ்வொரு துளை வைத்தார். ஒரு பக்கம் கனமான உப்புநீர், மறுபக்கம் இலேசான நீர். துளைகளைத் திறந்ததும் கனநீர் கீழ்த்துளை வழியே ஒரு பக்கம் போக, இலேசான நீர் மேல்துளை வழியே மறுபக்கம் வந்தது. 1681-ல் ரோமில் இதை நூலாக வெளியிட்டு, ஸ்வீடன் அரியணையைத் துறந்துவிட்டு அந்நகரில் வாழ்ந்த கிறிஸ்டினா அரசிக்குச் சமர்ப்பித்தார். கடல் நீரோட்டத்தைச் சோதனைச்சாலையில் விளக்கிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. தொடங்கிவைத்தது மீனவர்களின் ஒரு சொல்.

முகத்துவாரத்தின் இரண்டு தளங்கள்

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலைச் சேர்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அதன் கரையில்தான் இருக்கிறது. இந்தியாவில் மிக அதிகமாக ஆராயப்பட்ட முகத்துவாரங்களில் வெள்ளாறும் ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது முகத்துவாரத்து மேல்நீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். சித்திரை வெயிலில் அதே இடம் கடலைப் போலவே கரிக்கும். ஓராண்டுக்குள் ஒரே இடத்தில் இரண்டு எல்லைகளையும் பார்க்கலாம்.

இந்த இடைப்பட்ட நாட்களில் உள்ளே நடப்பதை முதன்முதலில் துல்லியமாகக் கணக்கிட்டவர் அமெரிக்கக் கடலியலாளர் டொனால்ட் பிரிட்சர்ட். செசபீக் வளைகுடாவில் கலக்கும் ஜேம்ஸ் ஆற்றில் 1950-ல் அவரும் உடன் உழைத்தவர்களும் பல ஆழங்களில் நீரோட்டத்தையும் உப்பையும் அளந்தார்கள். அங்கே ஓதம் ஏறும்போது தண்ணீர் முழுவதும் உள்ளே வருவதுபோலவும், வற்றும்போது முழுவதும் வெளியே போவதுபோலவும்தான் தோன்றும். அந்த ஏற்றத்தையும் வற்றத்தையும் கணக்கிலிருந்து கழித்துப் பார்த்தார் பிரிட்சர்ட். மிஞ்சியது இரண்டு ஓட்டங்கள். மேலடுக்கு மெதுவாகக் கடலுக்குப் போகிறது, கீழடுக்கு மெதுவாக நிலத்தை நோக்கி வருகிறது.

ஆற்றுநீர் கடலுக்குப் போகும் வழியில் கீழிருந்து உப்புநீரை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். இழுத்த அளவுக்கு ஈடாகக் கடல் அடியில் உள்ளே வந்தாக வேண்டும். இதனால் முகத்துவாரத்தில் வெளியே போகும் மொத்த நீர், ஆறு கொண்டுவரும் நீரைப்போலப் பல மடங்கு இருக்கும். ஆறு கடலுக்குள் விழுகிறது என்று பள்ளியில் படித்தோம். ஆறு கடலையும் உள்ளே அழைக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த அடிநீர் ஓட்டத்தை நம்பி வாழும் உயிர்கள் பல. ஜேம்ஸ் ஆற்றில் சிப்பிக் குஞ்சுகள் மேல்நோக்கிப் போய்க் குடியேறுவது அதன் துணையால்தான். நம் கரையில் இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் பொடிக் குஞ்சுகள் ஏறும் ஓதத்தைப் பிடித்துக் கழிமுகத்துக்குள் நுழைந்து, அங்கே வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாவும் இப்படிக் கடலுக்கும் கழிக்கும் இடையே போய்வருபவைதான்.

இரண்டு தளங்களும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கும் என்பது ஓதத்தின் பலத்தைப் பொறுத்தது. சென்னையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான். ஹூக்ளி ஆற்றின் முகத்தில் அது ஐந்து மீட்டரை நெருங்கும். காம்பே வளைகுடாவில் பத்து மீட்டரைத் தொடும். ஓதம் வலுத்த இடத்தில் அது மத்துப்போட்டுக் கடைவதுபோல மேலையும் கீழையும் கலக்கிவிடும். ஓதம் மெலிந்து ஆறு பெருகிய இடத்தில் கடல்நீர் ஆப்பு வடிவில் அடியில் செருகி நிற்கும். மேலே பாத்திரத்தில் மொண்டால் நல்ல தண்ணீர், கீழே சுத்தக் கடல்.

2023 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் நீர்வரத்து குறைந்தபோது அந்த ஆப்பு அடியில் நகர்ந்து நகர்ந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் குடிநீரை நோக்கி வந்தது. அதைத் தடுக்க ஆற்றின் அடியில், நீருக்குள்ளேயே மண்ணால் கரை எழுப்பினார்கள். மேலே கப்பல் போனது, கீழே உப்பு தடுக்கப்பட்டது. அடியில் ஓட்டம் இருக்கிறது என்று அறிந்தவர்களால்தான் அடியில் அணை கட்ட முடியும்.

அடைபடும் வாய்

நம் ஆறுகளுக்கு வேறொரு சிக்கல். மழைக்காலம் முடிந்ததும் பல முகத்துவாரங்களை மணல் மூடிவிடுகிறது. அடையாற்றின் வாயை மணல்திட்டு அடைப்பதைச் சென்னைவாசிகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த மணலைக் கொண்டுவருவது வன்னியோ தெண்டியோ அல்ல. அலை உடைகிற குறுகிய பட்டைக்குள், கரையை ஒட்டி ஓடும் இன்னொரு ஓட்டம். அலை கரைக்கு நேராக வராமல் சாய்வாக வந்து மோதுவதால் அது பிறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் மணல் வடக்கே போகும், வாடைக்காலத்தில் தெற்கே வரும். ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம். 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலில் கல்லைக் கொட்டத் தொடங்கியபோது அந்த மணலின் பாதையில் ஒரு சுவர் எழுந்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கடலுக்குள் போனது. குப்பங்கள் பின்னால் தள்ளிப்போயின. பிறகு அதைத் தடுக்கக் கல் கொட்டினோம், தூண்டில் வளைவுகள் போட்டோம். ஒவ்வொரு தூண்டில் வளைவும் தனக்குத் தெற்கே கொஞ்சம் மணலைப் பிடித்துக்கொண்டு, வடக்கே இருக்கும் அடுத்த ஊருக்குப் பசியை அனுப்புகிறது.

மணல் மூடும் வாயைத் திறந்துவைக்கும் பலம் ஆற்றுக்கு மட்டும் உரியதல்ல. ஓதம் ஏறும்போது கழியிலும் உப்பளத்திலும் சதுப்பிலும் பரவி நிற்கும் தண்ணீர், வற்றும்போது ஒரே வாய் வழியாகப் பாய்ந்து மணலை அடித்துக்கொண்டு போகும். பரவி நிற்க இடம் எவ்வளவு அகலமோ, வாயைக் கழுவும் பலம் அவ்வளவு. சதுப்பை நிரப்பி மனையாக்கும்போது நாம் அந்தப் பலத்தைத்தான் குறைக்கிறோம். எண்ணூரில் கொசஸ்தலையாற்றின் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்ததை அங்கே இறால் தடவும் பெண்களும் ஆண்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். கழியின் ஆழம் போனால் ஓதத்தின் பலம் போகிறது, பலம் போனால் வாய் அடைபடுகிறது, வாய் அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வர வழியில்லை.

கொள்ளிடத்தில் கதை தலைகீழ். மணல் எடுத்துப் படுகை தாழத் தாழ, கோடையில் கடல்நீர் அடியில் உள்ளே ஏற வழி அகலமாகிறது. கடைமடை ஊர்களில் கிணறு கரிக்கத் தொடங்குகிறது. மேலே நின்று பார்க்கிறவருக்கு ஆறு அமைதியாகத்தான் தெரியும்.

செத்த நீரும் வெண்கல உருண்டையும்

1893 ஆகஸ்டில் நார்வே நாட்டுப் பயணி நான்சென் ‘பிராம்’ என்ற கப்பலில் சைபீரியாவின் வடகரையை ஒட்டிப் போனார். காற்று இல்லை, அலை இல்லை, இயந்திரம் முழு வேகத்தில் ஓடியது. ஆனாலும் கப்பலை யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வேகம் விழுந்துவிட்டது. மாலுமிகள் இதைச் ‘செத்த நீர்’ என்பார்கள்.

ஸ்வீடன் நாட்டு இளம் ஆய்வாளர் வாக்ன் வால்பிரிட் எக்மன் தொட்டியில் நன்னீரையும் உப்புநீரையும் அடுக்கி, பொம்மைக் கப்பலை இழுத்துப் பார்த்தார். கப்பலின் உந்துதலில் பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு அடுக்குக்கும் நடுவே எழும் அலைகளுக்குச் செலவாகிவிடுகிறது என்று 1904-ல் விளக்கினார். கடல்மேல் ஒரு சுருக்கம்கூட இருக்காது, உள்ளே அலை புரளும்.

அதே எக்மன் நீரோட்டம் அளக்க ஒரு கருவியும் செய்தார். நீரில் சுழலும் ஒரு சிறு காற்றாடி வேகத்தைச் சொல்லும். சுழற்சிக்கு ஏற்ப ஒவ்வொரு வெண்கல உருண்டையாகக் காந்த ஊசியின் வழியே உருண்டு, 36 அறைகளில் ஒன்றில் விழும். எந்த அறையில் எத்தனை உருண்டை என்று எண்ணினால் திசை தெரிந்துவிடும். பல பத்தாண்டுகள் உலகக் கடல்களை அளந்தது இந்தக் கருவி.

இன்று அந்த வேலையை ஒலி செய்கிறது. கடலடியில் வைத்த கருவி மேல்நோக்கி ஒலியை அனுப்பும். நீரோடு மிதக்கும் துகளிலும் நுண்ணுயிரிலும் பட்டு எதிரொலி திரும்பும். ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் ஒரு சுருதியிலும், விலகும்போது வேறு சுருதியிலும் கேட்பதைப்போல, எதிரொலியின் சுருதி மாற்றத்திலிருந்து ஒவ்வோர் ஆழத்திலும் நீர் எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடலாம். கடலூர், காக்கிநாடா, விசாகப்பட்டினம், கோபால்பூர் ஊர்களுக்கு நேரே கடலின் சரிவில் தேசியக் கடலியல் நிறுவனம் இத்தகைய கருவிகளை நங்கூரமிட்டது. மேலே ஒரு திசையில் ஓட்டம் இருக்க, ஆழத்தில் எதிர்த்திசையில் ஓட்டம் இருப்பதை அவை பலமுறை பதிவுசெய்தன. பாஸ்பரஸ் மீனவர்கள் சொன்ன செய்திதான், இந்த முறை நம் வாசலில்.

கல்பாக்கத்திலும் கடலூரிலும் கரையில் நிற்கும் ரேடார் கம்பங்களைப் பலர் பார்த்திருப்பார்கள். பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் நிறுவியவை அவை. அலைகளில் பட்டுத் திரும்பும் வானொலி அலையைக் கொண்டு, கடலுக்குள் வெகுதூரம்வரை மேல்நீரோட்டத்தின் படத்தை வரைகின்றன. ஹைதராபாதிலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்படிப்பட்ட தரவுகளைக் கொண்டு முன்னறிவிப்புத் தருகிறது.

கடலியலாளர்கள் கண்ட ஓர் ஆச்சரியம் உண்டு. வன்னியையும் தெண்டியையும் நம் கரைக் காற்று மட்டும் முடிவுசெய்வதில்லை. நிலநடுக்கோட்டில் வீசும் காற்று எழுப்பும் நெடிய அலைகள் வங்கக்கடலைச் சுற்றிக் கரையோரமாகவே பயணம்செய்து, பர்மாவையும் வங்காளத்தையும் தொட்டு, நம் கரைக்கு வந்து நீரோட்டத்தைத் திருப்பும். காற்று ஒன்று சொல்ல, நீர் வேறொன்று செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

புயலின் உலை

கடலுக்குள் ஓடும் அந்த நன்னீர் ஆறு நம் புயல்களோடும் பேசுகிறது. சாதாரணமாகப் புயற்காற்று கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். கடலின் மேற்பரப்பு குளிர்ந்தால் புயலுக்குக் கிடைக்கும் வெப்பம் குறையும். வங்கக்கடலின் வடக்கில் மேலே இலேசான நன்னீர் அடுக்கு, அதன் கீழே உப்பு மிகுந்த ஆனால் சூடு குறையாத அடுக்கு, அதற்கும் கீழேதான் குளிர்நீர். நடுவே இருப்பதைக் கடலியலாளர்கள் தடுப்படுக்கு என்கிறார்கள். புயல் எவ்வளவு கலக்கினாலும் குளிர்நீர் எளிதில் மேலே வர அது விடாது. பனிக்காலத்தில் மேல்நீரைவிட உள்நீர் சூடாக இருக்கும் விந்தையும் இங்கே உண்டு.

அரபிக்கடலைவிட வங்கக்கடலில் புயல்கள் பல மடங்கு அதிகம் உருவாவதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த உப்பு அடுக்கும் அவற்றில் ஒன்று. ஆகவே கடலின் உப்பை அளப்பது வானிலையை அளப்பதும்கூட. மீனவர் அள்ளிய பாட்டில் தண்ணீருக்குப் புயல் ஆய்வில் இடம் கிடைத்தது இப்படித்தான்.

எதை எங்கே விடுகிறோம்?

மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் செயல்படத் தொடங்கின. ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். நல்ல நீரைப் பிரித்தபின் எஞ்சும் கரைசல் கடலைவிட மிகவும் உப்பானது, ஆகவே கனமானது. கடலில் விட்டால் அடியில் படிந்து தரையோடு பரவும். அனல்மின், அணுமின் நிலையங்களில் குளிர்விக்கப் பயன்பட்டுத் திரும்பும் வெந்நீர் இலேசானது, மேலேயே பரவும். இரண்டும் ஒரே கடலில்தான் விடப்படுகின்றன, ஆனால் இரண்டும் வெவ்வேறு தளத்தில் நகர்கின்றன. வெந்நீரை மேல்நீரோட்டத்தை வைத்தும், உப்புக் கரைசலை அடிநீரோட்டத்தை வைத்தும் கணக்கிட வேண்டும். அதுவும் ஒரு மாதம் அளந்தால் போதாது. வன்னிக் காலம், தெண்டிக் காலம், இடையே ஓட்டம் தயங்கி நிற்கும் காலம் மூன்றையும் அளக்க வேண்டும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூரை அடுத்த காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் குவிந்தது, தெற்கே மெரினாவையும் தாண்டிப் போனது. வாளியால் எண்ணெயை அள்ளிய மனிதர்களின் படங்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழியில் இறங்கியது. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது அலையாத்தி மரங்களின் வேர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் திரும்பத் திரும்பப் பூசிக்கொண்டே இருந்தது. கசிந்த முதல் சில மணி நேரத்தில் நீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தால் எங்கே தடுப்பு போடுவது என்று முடிவுசெய்யலாம். அந்தத் தகவல் விபத்துக்குப் பிறகு தேடும் பொருளாக இருக்கக் கூடாது, எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் கடலோரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் நீள்கிறது. பழவேற்காடு முதல் கன்னியாகுமரி மாவட்டத்தின் பொழிமுகங்கள் வரை, கடலைச் சேரும் ஒவ்வொரு வாயிலும் மேல்நீரையும் அடிநீரையும் ஆண்டு முழுக்க அளக்க வேண்டும். அளந்ததை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்துக் கூடத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். இது எட்டாத கனவல்ல. எட்டு இடத்து மீனவர்கள் ஒரு பாட்டிலை வைத்து ஒரு பெருங்கடலின் ஆற்றைக் கண்டுபிடிக்க உதவினார்கள் என்றால், முகத்துவாரத்து ஊர்களின் இளைஞர்களால் தங்கள் ஆற்றின் உப்பைக் குறித்துவைக்க முடியும். கருவி வாங்குவதும் பயிற்சி தருவதும் சம்பளம் கொடுப்பதும் அரசின் வேலை.

மார்சிலியின் கயிற்றை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை தக்கைகள், எது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் கண். நம் மீனவர் வீசும் வலையின் மேல்விளிம்பில் மிதவைகள், கீழ்விளிம்பில் ஈயக்குண்டுகள். வலையை இழுக்கும்போது மேல்பக்கம் ஒரு திசையிலும் அடிப்பக்கம் வேறு திசையிலும் இழுபட்டால், அன்றைய கடலுக்கு இரண்டு ஓட்டம் என்று அவர் கைக்குத் தெரிந்துவிடும். அந்தக் கைக்குத் தெரிந்ததை நாள் விடாமல் எழுதிவைக்க நமக்கு ஒரு குறிப்பேடு வேண்டும்.